ஓடும் வீட்டின் ஆறு மூடிகள்

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் நெசவாளர் தெருவுக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது விசைத்தறிச் சத்தம். அடுத்துக் கண்ணில் படுவது ஒரு நீல பஸ். தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு, 'என்னைத் தாண்டிப் போ பார்க்கலாம்' என்பதுபோல் நிற்கும். திட்டிக்கொண்டே சைக்கிளை ஒதுக்கிப் போகிறவர்கள்கூட, போகிற போக்கில் ஜன்னல் வழியாக உள்ளே ஒரு பார்வை பார்க்காமல் போவதில்லை.

அப்படிப் பார்க்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஒரு வீடே இருக்கிறது! இரண்டு கட்டில்கள், காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, பூப்போட்ட திரைச்சீலை, கூரையில் தூளி கட்டக் கொக்கிகள். முன்பு அது பள்ளிக்கூட பஸ்ஸாக இருந்தது. கட்டில் ஓரத்துத் தகரத்தில் 'யோகேஷ்' என்று யாரோ ஒரு பையன் காம்பஸ் முனையால் கீறிய பெயர் எவ்வளவு பெயின்ட் அடித்தும் மறையவில்லை.

தெருவில் எல்லோரும் அதை 'ஓட்ற ஊடு' என்றார்கள்.

அந்த ஓடும் வீட்டுக்குச் சொந்தக்காரர் உமாபதி. அவருடைய மகள் அகிலா ஆறாம் வகுப்பு படிக்கிறாள். உமாபதி பல வருடம் குவைத்தில் டிரைவராக இருந்தார். அதனால் அகிலாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நைனா என்றால் ஒரு ஃபோன்தான். காதில் வைத்தால் நைனா இருப்பார். கீழே வைத்தால் இருக்கமாட்டார்.

போன கோடையில்தான் அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். பழைய பஸ் ஒன்றை வாங்கினார். குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு வாடகைக்கு ஓட்டலாம் என்று அதை வீடாக மாற்றினார்.

"இனிமே நைனா எங்கயும் போவ மாட்டாரு இல்ல?" என்று அகிலா அம்மாவிடம் கேட்டாள்.

"வண்டி ஓடுச்சின்னா போவ மாட்டாரு," என்றாள் செல்வி.

ஆக, வண்டி ஓடியே ஆகவேண்டும். அன்றே அகிலா முடிவு செய்துவிட்டாள்.

ஆனால் வண்டிக்கு அந்த முடிவு தெரியவில்லை. மூவரும் முதன்முதலாகத் திருப்பதி வரை ஓட்டிப் பார்க்கப் போனபோது, புத்தூர் பக்கத்தில் 'டமார்!' என்றது. பஸ் ஒரு பக்கமாக ஆடி நின்றது. அம்மா கையில் இருந்த காபி அம்மாவின் புடவையில் இருந்தது.

பின் சக்கரம் வெடித்திருந்தது.

"காலையிலகூட கம்பியால தட்டிப் பாத்தேனே! நல்லாத்தானே சத்தம் வந்துச்சி!" என்றார் உமாபதி.

அவர் தட்டியது உண்மைதான். தினமும் காலையில் ஓர் இரும்புக் கம்பியால் சக்கரங்களைத் தட்டி, சத்தத்தை வைத்தே காற்று இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஆனால் அந்த பஸ்ஸுக்கு ஆறு சக்கரங்கள். முன்னால் இரண்டு. பின்னால் பக்கத்துக்கு இரண்டாக ஒட்டி ஒட்டி நான்கு. ஒட்டியிருக்கும் ஜோடியில் உள்ளே இருப்பது கம்பிக்குச் சரியாக எட்டாது. அதில் காற்று இறங்கினாலும் வெளியே தெரியாது. பக்கத்துச் சக்கரம் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, 'எங்களுக்கு ஒன்றுமில்லை' என்று காட்டிக்கொள்ளும். வெடிக்கும்போதுதான் விஷயம் தெரியும்.

அன்று மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு வீடு திரும்பி, வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு உமாபதி செல்வியிடம் மெதுவாகச் சொன்னார்: "உள்ள கொழந்தைங்க இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்? இன்னொரு தபா இப்பிடி ஆச்சின்னா வண்டிய வித்துட்றேன் செல்வி. நாகபூஷணம் விசா வெச்சிக்கினுதான் கீறாரு."

நாகபூஷணம் என்பவர் திருப்பதியில் இருந்துகொண்டு ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். அந்தப் பெயரைக் கேட்டதும் அகிலாவுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே யோசித்தாள். அழுவதற்காக யோசிப்பதை நிறுத்துகிற பெண் இல்லை அவள்.

அடுத்த நாள் பஞ்சர் கடையில் புது டயர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நாயுடுபேட்டை லாரி ஒன்று நின்றது. அதன் கண்ணாடியின் கீழே உள்ளங்கை அளவில் ஒரு திரை மினுக்கியது.

"அது என்ன அண்ணா?" என்று அகிலா தெலுங்கில் கேட்டாள்.

"என் சக்கரங்களோட ஜாதகம்," என்று டிரைவரும் தெலுங்கிலேயே சிரித்தார். "ஒவ்வொரு சக்கரத்திலயும் காத்து அடிக்கிற வால்வு மேல ஒரு மூடி இருக்கு பார். உள்ள எவ்வளவு காத்துன்னு அந்த மூடி இந்தத் திரைக்குச் சொல்லும். குறைஞ்சா கத்தும். நான் மறந்தாலும் அது மறக்காது."

அகிலா ஓடினாள். "நைனா! நம்ம ஊட்டுக்கும் அது வேணும்!"

"பாலைவனத்துலயே வண்டி ஓட்டுனவன் நானு. எனக்கு ஒரு பொட்டி சொல்லித் தரணுமா?"

"சொல்லித் தராது நைனா. உள்ள கீற சக்கரம் உனுக்கும் தெரியாது, எனுக்கும் தெரியாது. அதுக்குத் தெரியும். அவ்ளோதான்."

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அகிலா விடவும் இல்லை. சாப்பிடும்போது கேட்டாள். தூங்கப் போகும்போது கேட்டாள். அவர் சவரம் செய்துகொள்ளும்போது கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்று கேட்டாள். கடைசியில், கன்னத்தில் வெட்டுப்படாமல் இருக்கவாவது சரி என்று சொல்லிவிட்டார்.

சித்தூரில் தாமோதரன் என்பவரின் வண்டி சாமான் கடைக்குப் போனார்கள். அவர் பஸ்ஸைச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"பழைய வண்டிம்மா. ரப்பர் வால்வு. இந்த மூடியோட கனத்துக்கே வளைஞ்சி போயிடும்."

"இரும்பு வால்வு இல்லயா மாமா?"

"கீது. ஆனா உள்சக்கரத்து வால்வு எங்கயோ உள்ள கீது. கை போவாது."

"அத வெளிய கொண்டாந்துட முடியாதா மாமா?"

தாமோதரன் உமாபதியைப் பார்த்தார். உமாபதி, 'நான் சவரம் செய்யும்போதே பட்டுவிட்டேன், நீங்களும் படுங்கள்' என்பதுபோல் தலையை ஆட்டினார்.

ரப்பர் வால்வுகள் போய் உலோக வால்வுகள் வந்தன. உள்சக்கரங்களுக்கு வளைந்த குழாய் மாட்டி, காற்றடிக்கும் வாயை வெளியே கொண்டுவந்தார்கள். மூடிகளைத் திருகியும் ஆயிற்று. ஆனால் டிரைவர் இருக்கைக்கு எதிரே வைத்த திரை மட்டும், பின்சக்கரங்களைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"சொன்னேனே, பழைய வண்டின்னு," என்றார் தாமோதரன்.

அகிலா திரையைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குள் பின்னாலிருந்து முன்னால் நடந்தாள். "இங்க வருது மாமா... இங்கயும் வருது... இங்க போயிடுச்சி!"

அடுப்பும் ஸ்டீல் தொட்டியும் இருக்கும் இடத்தைத் தாண்டியதும் எண்கள் மறைந்தன. பின்னாலிருந்து வரும் சிக்னலை சமையலறை மறித்துக்கொண்டிருந்தது.

"அட, ஆமா!" என்றார் தாமோதரன். சிக்னலை வாங்கி முன்னால் அனுப்பும் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் பொருத்தினார். திரையில் ஆறு கட்டங்களும் பளிச்சென்று எரிந்தன.

ஒவ்வொரு மூடிக்கும் எண் போட்ட குட்டி ஸ்டிக்கர் இருந்தது. எந்த மூடி எந்தச் சக்கரம் என்று திரைக்குச் சொல்லிக்கொடுத்தது அகிலாதான். ஒரு மூடி இந்தக் கட்டத்துக்கு என்று பதிந்துவிட்டால், பிறகு அது எங்கே இருந்தாலும் அந்தக் கட்டத்தில்தான் பேசும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உமாபதி சாலையைவிடத் திரையை அதிகம் பார்த்தார். "ரோட்ட பாரு நைனா!" என்று அகிலாதான் அதட்டவேண்டியிருந்தது.

ஆயுத பூஜை வந்தது. நகரியில் அன்று தறிகள் எல்லாம் வாய் மூடிக்கொள்ளும். செல்வி தறி ஓட்டுகிறவள். நூல் சுற்றும் பாபின், அதைச் சுமந்து ஓடும் நாடா, கத்தரி என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி, தேய்த்துக் கழுவி, பொட்டு வைத்து சாமி முன்னால் அடுக்குவாள். இந்த வருடம் பஸ்ஸும் சேர்ந்துகொண்டது. ஸ்பேனர், ஜாக்கி, நைனாவின் இரும்புக் கம்பி, சக்கரங்களில் இருந்த ஆறு மூடிகள் எல்லாம் தாம்பாளத்துக்கு வந்தன.

அகிலா பூசணிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, மூடிகள் மறுபடியும் சக்கரங்களில் இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம்.

"அழகா கீதும்மா!" என்றாள் அகிலா.

பூஜை முடிந்த மறுநாளே முதல் சவாரி. திருப்பதியில் ஏற்றி, சித்தூர், பலமனேர் வழியாக ராமகுப்பத்தில் விடவேண்டும். பள்ளிக்கூடத்துக்கு தசரா விடுமுறை என்பதால் அகிலாவும் கிளம்பினாள். சமைத்துப் போட அம்மாவும் வந்தாள்.

ஏறியவர்கள் பவன்குமார், அவர் மனைவி பிரியங்கா, ஆளுக்கொரு கையில் இரட்டைப் பிள்ளைகள் சின்னுவும் நானியும். அவர்கள் பெங்களூரில் வேலை செய்கிறவர்கள். ராமகுப்பத்தில் பவன்குமாரின் அப்பா அம்மா பட்டுப்பூச்சி வளர்க்கிறார்கள். பிள்ளைகளுக்குத் திருமலையில் மொட்டை போட்டுவிட்டு, ஊரில் உறவுக்காரர்களுக்கு விருந்து வைக்கப் போகிறார்கள்.

இரண்டு மொட்டைத் தலைகளிலும் சந்தனம் மஞ்சளாக அப்பியிருந்தது.

"யார் சின்னு, யார் நானி அக்கா?" என்று அகிலா கேட்டாள்.

"நானிக்கு சுருட்ட முடி, சின்னுக்கு நேர் முடி. அத வெச்சித்தான் சட்டுனு சொல்லுவேன்," என்றாள் பிரியங்கா. பிறகு இரண்டு மொட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவன்தான் நானி... ன்னு நெனைக்கிறேன்."

இரண்டு தூளிகள் கட்டினார்கள். பஸ் ஆடிய ஆட்டத்தில் பிள்ளைகள் உடனே தூங்கிவிட்டார்கள். "கார்ல ஒரு நிமிஷம் தூங்க மாட்டானுங்க!" என்று பவன்குமார் வாயைப் பிளந்தார். முன்னால் உமாபதி மீசைக்குள் சிரித்துக்கொண்டார். அதைக் கண்ணாடியில் பார்த்த அகிலாவுக்கு மனசு நிறைந்துவிட்டது.

சித்தூர் தாண்டியது. பங்காருபாளையம் தாண்டியது. அப்போது திரை கத்தியது.

'கீ! கீ! கீ!'

பின்பக்கம், இடது, உள்சக்கரம். அந்தக் கட்டம் மட்டும் சிவப்பாக எரிந்தது.

உமாபதி வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து இறங்கினார். இன்ஜினோடு திரையும் அணைந்தது. அந்த மூடியைத் திருகி எடுத்துவிட்டு, கையில் பிடித்துக் காற்றை அளக்கும் கேஜை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"எழுபது கீது. கல்லு மாதிரி கீது. ஒண்ணும் கொறையல," என்றார். மூடியை மாட்டிவிட்டு ஏறினார்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள். மறுபடியும் 'கீ! கீ!' சிவப்புக் கட்டத்தில் எண் இன்னும் இறங்கியிருந்தது. தூளியில் இருந்த இருவரும் ஒரே நேரத்தில் விழித்து, ஒரே குரலில் அழத் தொடங்கினார்கள். எதிரே மொகிலி மலைப்பாதை தொடங்கும் இடம் தெரிந்தது. இனி ஏற்றமும் வளைவும்தான்.

உமாபதி மறுபடி நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். மறுபடி அதே சக்கரத்தில் கேஜ். மறுபடி எழுபது. எட்டிய சக்கரங்களைக் கம்பியால் தட்டினார். எல்லாம் நன்றாகவே சத்தம் கொடுத்தன.

பவன்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அண்ணே, இப்பிடி நின்னு நின்னு போனா எப்ப போய் சேர்றது? ஊருல ஜனமெல்லாம் வந்து ஒக்காந்துக்கினு கீறாங்க."

உமாபதியின் முகம் சிறுத்துப்போனது. முதல் சவாரியிலேயே இப்படி. "பொய் சொல்ற பொட்டி இது! அகிலா, அந்த ஒயர புடுங்கிடு. நம்ம பழைய மாதிரியே போலாம்."

அகிலா ஒயரைத் தொடவில்லை.

"இல்ல நைனா."

"இன்னா இல்ல?"

"கெட்டுப்போயிருந்தா எண்ணு கன்னாபின்னான்னு குதிக்கும். இது கொஞ்சம் கொஞ்சமா எறங்குது நைனா. நெஜமா காத்து போற மாதிரியே எறங்குது."

"நான் கேஜ் வெச்சி பாத்தேனே கண்ணு. ரெண்டு தபா பாத்தேன்."

கேஜ் சொல்வதும் சரி. நைனா பொய் சொல்லமாட்டார். திரை சொல்வதும் சரி என்றே அகிலாவுக்குத் தோன்றியது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? கண்ணில் நீர் முட்டியது. இப்போது விட்டுக்கொடுத்து, மலைமேல் நடுவளைவில் 'டமார்' என்றால்? உள்ளே தூளி இருக்கிறது. நாளைக்கே நைனா மறுபடி ஃபோனாக மாறிவிடுவார்.

"சின்னுக்கும் நானிக்கும் பால் குடுத்துட்டு கெளம்பிடலாமே நைனா. அது வரைக்கும் நிக்கலாம்," என்றாள். யோசிக்க நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

செல்வி பால் காய்ச்சிக் கொடுத்தாள். பிரியங்கா ஒரு பிள்ளைக்கு ஊட்டினாள். அவன் சப்புக்கொட்டிக் குடித்தான். அவனைக் கீழே விட்டாள். இருவரும் கட்டில்மேல் தவழ்ந்து புரண்டார்கள். ஒருவனைத் தூக்கி மறுபடி ஊட்டினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாயில் இருந்த பாலைத் துப்பினான். கட்டிலில் இருந்தவனோ வீல் வீல் என்று கத்தினான்.

"ஐயோ! ஒருத்தனுக்கே ரெண்டு தபா குடுக்கறேனா?" பிரியங்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "முடி இருந்தப்ப ஒரு தொல்லயும் இல்ல. இப்ப ரெண்டும் ஒரே மொட்ட!"

"நானிக்குக் காதுக்குப் பின்னால மச்சம் கீது, பாரு," என்றார் பவன்குமார்.

"சந்தனம் அப்பிக்கீது, எங்க தெரியுது?"

பிரியங்கா ஈரத்துணியால் மடியில் இருந்த மொட்டையின் காதோரத்தைத் துடைத்தாள். மச்சம் தெரிந்தது. "இதோ நானி! வயிறு முட்டக் குடிச்சவன் இவன்தான். பாவம், பசியோட கத்தறவன் சின்னு!"

அகிலா அந்தச் சந்தனத்தையே பார்த்தாள். பிறகு படியிலிருந்து குதித்து வெளியே ஓடினாள். சக்கரத்தருகே உட்கார்ந்து, ஒரு மூடியின் தலையில் காய்ந்திருந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள். அடியில் எண் இல்லை. ஸ்டிக்கரே இல்லை.

"அம்மா! பூஜை அன்னிக்கு இந்த மூடிங்கள நீயா கழட்டன?"

"ஆமா," என்றாள் செல்வி, வாசலில் நின்றபடி. "புளி போட்டு நல்லா தேச்சேன். மேல ஏதோ காயிதம் ஒட்டிக்கினு இருந்துச்சி. ஒண்ணு கூட இல்லாம சுத்தமா எடுத்துட்டேனே!"

"திருப்பி மாட்டறப்ப?"

"மாட்டறப்ப இன்னா? ஆறு மூடி, ஆறு சக்கரம். மாட்டிட்டேன். பாபின் மாதிரிதானே? எத எந்தத் தறியில போட்டாலும் ஓடும்."

அகிலாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"நைனா, ஒரே ஒரு சோதன. அதுக்கு அப்புறமும் நீ சொன்னா நானே ஒயர புடுங்கிட்றேன். நீ சீட்டுல ஒக்காந்து சாவிய திருப்பி திரைய பாரு. நான் இடது உள்சக்கரத்து மூடிய கழட்டறேன். கழட்டுனா அதுக்குக் காத்தே தெரியாது. எந்தக் கட்டம் சைபர் ஆவுதுன்னு சொல்லு."

உமாபதி ஏறி உட்கார்ந்தார். அகிலா மூடியைத் திருகி எடுத்தாள்.

'கீ!' என்றது திரை.

அகிலா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"நைனா?"

"அகிலா," என்றார் உமாபதி. அவர் குரல் மாறியிருந்தது. "நீ இடது பக்கம்தானே நிக்கற?"

"ஆமா."

"சைபர் ஆனது வலது பக்கத்து உள்சக்கரம்."

"அப்ப இதோட மூடி அங்க போயிருக்கும் நைனா!"

அவர் குதித்து இறங்கினார். பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் ஓடினார். அந்த உள்சக்கரத்தை இதுவரை யாரும் சோதிக்கவில்லை. அது நன்றாக இருப்பதாகத் திரையே சொல்லிக்கொண்டிருந்ததே! கேஜை வைத்து அழுத்தினார். முள் எழுபதில் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

பவன்குமார் குனிந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். டயரின் நடுவில், விரல் நீள ஆணி ஒன்று தலைமட்டும் தெரியப் புதைந்திருந்தது. அவர் மலைப்பாதையைப் பார்த்தார். பிறகு பஸ்ஸுக்குள் தொங்கிக்கொண்டிருந்த தூளிகளைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"ஜாக்கி எங்க அண்ணே?"

செல்வி அசையாமல் நின்றாள். அவள் முகம் வெளிறியிருந்தது. "நானா? நான் பண்ணதா இது?"

உமாபதி திரும்பினார். "ஏன் செல்வி, ஒரு வார்த்த கேக்..."

"அம்மா மேல இன்னா தப்பு நைனா?" அகிலா குறுக்கே வந்தாள். "எந்த மூடி எந்த சக்கரத்துக்குன்னு எனுக்குத்தானே தெரியும்? நான் யாருகிட்டயும் சொல்லல. நீயும் தாமோதரன் மாமாவும் கேக்கல. அம்மா நம்ம வண்டி நல்லா இருக்கணும்னுதானே தேச்சாங்க?"

உமாபதி ஜாக்கியை எடுக்கப் போனார். செல்வி மகளின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். புடவையில் மஞ்சளும் புளியும் கலந்த வாசம் வந்தது.

உள்சக்கரத்தைக் கழற்ற வெளிச்சக்கரத்தை முதலில் கழற்றவேண்டும். உமாபதியும் பவன்குமாரும் வேர்த்து விறுவிறுத்துப் போனார்கள். ஸ்டெப்னி ஏறியது. அதற்குள் அகிலாவும் செல்வியும் ஒவ்வொரு மூடியாகக் கழற்றி, எந்தக் கட்டம் சைபர் ஆகிறதோ அந்தச் சக்கரத்துக்கு என்று ஒதுக்கி வைத்தார்கள். பார்த்தால், ஆறில் இரண்டு மட்டும்தான் தங்கள் இடத்தில் இருந்தன!

"இனிமே புளி போட்டாலும் போவக்கூடாது," என்று சொல்லி, பிரியங்கா தன் பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்துக் கொடுத்தாள். முதல் மூடிக்கு ஒரு புள்ளி, அடுத்ததற்கு இரண்டு என்று அகிலா வைத்துக்கொண்டே போனாள்.

"கொஞ்சம் மீதி வை," என்றாள் பிரியங்கா. வாங்கி, நானியின் கால் கட்டைவிரல் நகத்தில் ஒரு பொட்டு வைத்தாள். நானி அந்தக் காலைத் தூக்கி உடனே வாயில் வைத்துக்கொள்ளப் பார்த்தான்.

பஸ் மலையேறியது. ஆறு கட்டங்களும் பச்சையாக எரிந்தன. ஒவ்வொரு வளைவிலும் உமாபதி திரையைப் பார்த்தார், பிறகு சாலையைப் பார்த்தார். அகிலா இந்த முறை அதட்டவில்லை. அவளும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள்.

பலமனேர் தாண்டியதும் காற்று குளிர்ந்தது. பவன்குமார் முன்னால் வந்து உட்கார்ந்தார். "அண்ணே, பொங்கலுக்கும் எங்கள பெங்களூர்ல இருந்து நீங்கதான் கூட்டிக்கினு வரணும். எங்க ஆபீஸ்லயும் ரெண்டு பேரு கேப்பாங்க. நம்பர் குடுக்கட்டுமா?"

"குடுங்க சார்," என்றார் உமாபதி. சாதாரணமாகச் சொல்வதற்கு ரொம்பவும் கஷ்டப்பட்டார்.

அப்போது அவருடைய ஃபோன் அடித்தது. அகிலா எடுத்துப் பார்த்தாள். அதில் நாகபூஷணம் என்று பெயர் வந்தது.

"நைனா, விசாக்காரரு."

"நான் வண்டி ஓட்டிக்கினு கீறேன். நீ பேசு."

அகிலா காதில் வைத்துக் கேட்டாள். "நீங்க எப்ப சும்மா இருப்பீங்கன்னு கேக்கறாரு நைனா. விசா விஷயமா பேசணுமாம். இன்னா சொல்றது?"

உமாபதி கியரை மாற்றினார். சாலையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"சும்மா இருக்க மாட்டாருன்னு சொல்லு. இனிமே எப்பவுமே இருக்க மாட்டாருன்னு சொல்லு."

அகிலா அப்படியே சொன்னாள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, தூளியில் இருந்த இருவரும் விழித்துக்கொண்டார்கள்.